மின்னொளிர்வு எண்காட்டியும் அதன் இயக்கியும்

ஐம்பது அறுபது ஆண்டுப் பழமையான மின்னொளிர்வு எண்காட்டிகளைக் கொண்டு கடிகாரம் கட்ட முனைவோர் முதலில் மறக்க வேண்டியது எல்.இ.டி. பழக்கத்தையே. இதன் ஒவ்வொரு கீற்றும் ஒரு மின்தேக்கி. இரு மின்வாய்களுக்கு நடுவே துத்தநாக சல்பைடு படலம். ஒருவழியே மின்னோட்டம் விடும் டிரான்சிஸ்டர் கீற்றை ஒருமுறை நிரப்பியதோடு நின்றுவிடும்; ஒளி நிலைக்க மாறுதிசை மின்னழுத்தம் வேண்டும். 1969இல் நிலவுக்குச் சென்ற அப்போலோ 11 கலத்தின் கணினி முகப்பில் 250 வோல்ட், 800 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ரிலேக்களே கீற்றுகளுக்குத் திறந்து மூடின.

நாம் ரிலேக்கு மாற்றாக டிரையாக் வைத்தோம். (இச்சுற்றை ‘ஓட்டுநர்’ என்றார் ஒரு மாணவர், அச்சொல் பேருந்துக்கே இருக்கட்டும், ‘இயக்கி’ போதும்.) அணைந்த டிரையாக்கின் வழியே கசியும் சிறு மின்னோட்டமே கீற்றை மங்கலாக ஒளிர்வித்தது, 3 எழுதினால் அதன் பின்னே 8இன் நிழல் தெரிந்தது. கீற்றுக்கு இணையாக ஒரு மின்தடையை இட்டபின் அந்நிழல் அகன்றது.

அதிர்வெண்ணைக் கூட்டினால் ஒளி பெருகும். படலத்தின் ஆயுளோ குறையும். தேய்ந்த எண்காட்டிக்கு மாற்று கிடைப்பது அரிது. ஆகவே 800ஐ விடுத்து 400 ஹெர்ட்ஸில் நிறுத்திக்கொண்டோம். பகலில் மணி பார்க்கச் சன்னல் திரையை இழுத்துவிடுகிறோம்.