கோழிக்கு வெயில் அடிச்சா ஜீன் என்ன பண்ணும்?

கொரோனா சமயத்துல மூக்குக்குள்ள குச்சி விட்டு எடுத்த டெஸ்ட் ஞாபகம் இருக்கா? ஆர்டி-பிசிஆர். அந்தப் பேரை எல்லாரும் சொன்னோம். ஆனா அதுல 'ஆர்டி'ன்னா என்னன்னு யோசிச்சோமா? இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம். அதுக்கு நாமக்கல் வரைக்கும் போகணும்.

ஏன் நாமக்கல்? முட்டை! கோடையில சேலம், நாமக்கல் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைச்சுத்தான் உடம்புச் சூட்டை இறக்கணும். அப்போ ரத்தத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு அதிகமா வெளியே போயிடும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறையும். ஓடு மெலிசாகி முட்டை உடையும். சூடு இன்னும் ஏறினா கோழியே செத்துப்போகும்.

இப்போ ஒருத்தர் வந்து, "தீவனத்துல இந்த வைட்டமினைக் கலங்க, கோழி வெயில் தாங்கும்"னு சொல்றார்னு வெச்சுப்போம். பண்ணைக்காரர் காசு போடலாமா? கோழிகிட்ட கேட்க முடியாது. ஆனா அதோட செல்கிட்ட கேட்கலாம். 1985-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லிலேயே இருக்கு. அங்க படிக்கிறவங்களுக்கு இதெல்லாம் பக்கத்து வீட்டுப் பிரச்சினை.

வெயில் அடிச்சா டிஎன்ஏ மாறாது. எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்யுதுங்கிறதுதான் மாறும். சூடு ஏறினா எச்எஸ்பி70 என்ற ஜீன் சுறுசுறுப்பாகும். அதிலிருந்து வர்ற புரதம், சூட்டுல உருக்குலையப் போற மத்த புரதங்களைக் காப்பாத்தும். வேலை செய்யற ஜீனிலிருந்து ஆர்என்ஏ நகல்கள் வரும். அந்த நகல்களை அளந்தா, செல் எவ்வளவு தவிக்குதுன்னு ஒரு கணக்கு கிடைக்கும்.

ஆனா ஆர்என்ஏ ரொம்ப மென்மையானது. நம்ம விரல்ல இருக்கிற என்சைமே அதைச் சிதைச்சிடும். அதனால கையுறை போட்டு, சாம்பிளை உடனே உறைய வைப்பாங்க. இன்னொரு சிக்கல், பிசிஆர் பெருக்குறது டிஎன்ஏவைத்தான். அதனால ஆர்என்ஏவை முதல்ல டிஎன்ஏவா மாத்தணும். அதைச் செய்யற என்சைம்தான் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ், நம்ம 'ஆர்டி'. 1970-ல ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. 1975-ல நோபல் பரிசு. டெமின் அதை எதுல கண்டுபிடிச்சார் தெரியுமா? கோழிக்குப் புற்றுநோய் வரவைக்கிற ஒரு வைரஸ்ல!

அப்புறம் மெஷின் ஒவ்வொரு சுற்றுலயும் நகலை இரட்டிப்பாக்கும். ஒளிரும் சாயம் எந்தச் சுற்றுல ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டுதுன்னு பார்ப்பாங்க. 3 சுற்று முன்னாடியே தாண்டினா, ஆரம்பத்துல 8 மடங்கு அதிகமா இருந்ததுன்னு அர்த்தம்.

இங்கதான் ஏமாறுவோம். ஒரு சாம்பிள்ல ஆர்என்ஏவே கொஞ்சம் கூடுதலா எடுத்திருந்தா? அதைச் சரிக்கட்ட, மாறாதுன்னு நம்புற இன்னொரு ஜீனோட ஒப்பிடுவாங்க. பீட்டா-ஆக்டின் மாதிரி. ஆனா வெயில்ல அந்த ஜீனும் மாறினா? எடைக்கல்லே தேஞ்சுபோன தராசு மாதிரிதான். அதனால நல்ல ஆய்வுல, பல ஜீன்களைச் சோதிச்சு எது அசையாம நிக்குதுன்னு முதல்ல பார்ப்பாங்க.

கடைசியா ஒண்ணு. வைட்டமின் கொடுத்த கோழியில எச்எஸ்பி70 குறைஞ்சிருக்குன்னு வைங்க. கோழி நிம்மதியா இருக்கா, இல்ல தாக்குப்பிடிக்கிற சக்தியே போச்சா? அந்த ஒரு எண்ணை மட்டும் வெச்சுச் சொல்ல முடியாது. முட்டை எண்ணிக்கை, ஓட்டோட தடிமன், எத்தனை கோழி செத்துச்சு, எல்லாத்தையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

அதனால யாராவது "ஜீன் லெவல்லயே நிரூபிச்சாச்சு"ன்னு ஒரு பொருளை விற்க வந்தா, ரெண்டு கேள்வி கேளுங்க. எதோட ஒப்பிட்டாங்க? பண்ணையில என்ன மாறுச்சு? கோழித் தீவனத்துக்கு மட்டுமில்ல, நமக்கு விற்கிற சத்து மாத்திரைக்கும் இதே கேள்விதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!