யாரும் நடக்காத புல்லுக்கு எதுக்குக் குடிநீர்?

இன்னைக்கு லாஸ் வேகஸ் போறோம். கேசினோவுக்கு இல்லைங்க, அங்க இருக்கிற புல்லைப் பார்க்க.

அமெரிக்காவில் நெவாடா மாநிலம் 2021-ல் ஒரு சட்டம் போட்டது. பேர் ஏ.பி. 356. விஷயம் ரொம்ப சிம்பிள். லாஸ் வேகஸ் பகுதியில் வெறும் அலங்காரத்துக்கு இருக்கிற புல்லுக்கு கொலராடோ ஆற்றுத் தண்ணீர் விடக் கூடாது. 2026 முடியும் வரைக்கும் டைம் கொடுத்தாங்க.

எது அலங்காரப் புல்? சாலை நடுவே இருக்கிற மீடியன், ஆபீஸ் வாசல், பார்க்கிங் ஓரம். வெட்டுற ஆள் தவிர வேற யாரும் கால் வைக்காத புல். பசங்க விளையாடுற மைதானம், பூங்கா எல்லாம் அப்படியே இருக்கலாம். தனி வீடுகளும் இந்தச் சட்டத்துக்குள்ள வராது.

ஏன் இவ்வளவு கறார்? அது பாலைவனம். வருஷத்துக்கு மழை சுமார் 10 சென்டிமீட்டர்தான். ஊருக்கு வர்ற தண்ணீரில் 90 சதவீதம் மீட் ஏரி வழியா வர்ற கொலராடோ ஆற்றுத் தண்ணீர். அந்த ஏரி 1930-களில் நிரம்பின பிறகு, 2022-லதான் அவ்வளவு கீழே இறங்கிச்சு.

இங்கதான் சுவாரசியமான விஷயம் இருக்கு. அந்த ஊரில் நீங்க குளிக்கிற, பாத்திரம் கழுவுற, டாய்லெட்ல ஊத்துற தண்ணீர் கிட்டத்தட்ட முழுசா சுத்திகரிக்கப்படுது. பெரும்பகுதி திரும்பவும் ஏரிக்கே போகுது. எவ்வளவு திருப்பி விடுறாங்களோ, அவ்வளவு மறுபடி எடுத்துக்கலாம். அதனால ஓட்டல் ஷவர் பெரிய வில்லன் இல்லை. புல்லுக்கு விட்ட தண்ணீர்? வெயிலில் ஆவியாகிப் போச்சுன்னா போனதுதான்.

ஒரு சதுர அடி புல் வருஷத்துக்கு சுமார் 275 லிட்டர் குடிக்கும். அதை எடுத்துட்டு பாலைவனச் செடி வச்சு சொட்டு நீர் விட்டா, 200 லிட்டர் மிச்சம். புல்லை எடுக்கிறவங்களுக்கு அங்க நீர் வாரியம் பணமும் தருது.

எல்லாருக்கும் சந்தோஷமா? இல்லை. புல்லுக்கு விட்ட தண்ணீரை நம்பித்தான் பல மரங்களும் நின்னுச்சு. புல்லோட சேர்த்து குழாயையும் மூடினா, மரம் காய்ஞ்சிடும். 2024 ஜூலையில் அந்த ஊர் 48.9 டிகிரி செல்சியஸ் தொட்டது. அந்த வெயிலில் பஸ்ஸுக்கு நிக்கிறவருக்கு ஒரு மர நிழல் சின்ன விஷயமா சொல்லுங்க? புல்லை எடுக்கும்போதே மரத்துக்குத் தனியா சொட்டு நீர் போட்டாகணும். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கணும்.

கலிபோர்னியாவும் 2023-ல் இதே மாதிரி ஒரு சட்டம் போட்டுச்சு. அங்க தடை குடிநீருக்கு மட்டும். மறுசுழற்சி செய்த தண்ணீரைப் புல்லுக்கு விடலாம்.

இன்னொண்ணு தெரியுமா? ஸ்பானிஷ்ல 'லாஸ் வேகஸ்'னா புல்வெளிகள்னு அர்த்தம். ஊற்றுத் தண்ணீரில் தானா வளர்ந்த புல்லைப் பார்த்து வச்ச பேர். ஊற்றெல்லாம் வத்திப்போச்சு, பேர் மட்டும் நிக்குது.

உங்க அபார்ட்மெண்ட் வாசல் புல்லுக்கு எந்தத் தண்ணீர் போகுது? செக்ரட்டரிகிட்ட கேட்டுட்டு வந்து கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!