போட்டிக்குப் பின் வரும் பொறுப்பு

பெங்களூர் ஈஜிபுராவிலும் சுற்றுப்புறங்களிலும் குடியேறி வாழும் தமிழராகிய நாம், ஊர் விட்டு ஊர் வந்தும் சங்கம் அமைப்பதை விடவில்லை. சங்கம் என்றால் தேர்தல் உண்டு. தேர்தல் என்றால் போட்டியும் உண்டு. அது குற்றமன்று. போட்டி முடிந்த மறுநாள் தோற்ற அணி ஒதுங்கிக்கொள்வதும், வென்ற அணி அதனை மறந்துவிடுவதுமே கேடு. பிள்ளைகளின் தமிழ் வகுப்பு முதலாக எல்லாப் பணியும் அதனால் தளர்ந்துபோகும்.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு நல்ல பாடம் உண்டு. சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராஜாஜி, 1953இல் ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொணர்ந்தார். பிள்ளைகள் பள்ளியில் பயிலும் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் செய்வது அதன் நோக்கம். குலக்கல்வி என்று எதிர்ப்பு மூண்டது. காங்கிரசுக்குள்ளேயே பிளவு கண்டது. 1954 மார்ச்சில் இராஜாஜி விலகினார்.

அடுத்த தலைவர் யார்? காமராசரை எதிர்த்துச் சி. சுப்பிரமணியம் நின்றார். அவர் பெயரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். காமராசருக்கு 93 வாக்குகளும், சுப்பிரமணியத்திற்கு 41 வாக்குகளும் கிடைத்தன. சட்டமன்றக் கட்சியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் எதிரணியில் இருந்தனர் என்பது இதன் பொருள்.

ஏப்ரல் 13ஆம் நாள் பதவியேற்ற காமராசர், எட்டுப் பேர் கொண்ட சிறிய அமைச்சரவையிலேயே அவ்விருவருக்கும் இடமளித்தார். சுப்பிரமணியத்திடம் நிதியையும் கல்வியையும் ஒப்படைத்தார். ஆயினும் கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. மே மாதத்தில் அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. இராஜாஜியின் அமைச்சரவையிலும் இருந்த சுப்பிரமணியம், அம்முடிவை ஏற்றுக் கல்வி அமைச்சராகவே பணியாற்றினார். 1963இல் காமராசர் கட்சிப் பணிக்கெனப் பதவி துறந்தபோது, முதலமைச்சரானவர் பக்தவத்சலமே.

அமெரிக்காவிலும் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1960 ஜூலையில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஜான்சனை வென்ற கென்னடி, அவரையே துணை ஜனாதிபதி வேட்பாளராக்கினார். நவம்பரில் ஜான்சனின் டெக்சாஸ் மாநிலம் அவர்கள் பக்கம் நின்றது. ஆனால் தேர்தலில் வாக்குச் சேர்த்த அந்தத் துணைக்கு, ஆட்சியில் பெரும் அதிகாரம் கிட்டவில்லை. இங்கோ, தோற்றவர் கையில் மாநிலத்தின் நிதியே ஒப்படைக்கப்பட்டது.

ஒற்றுமை என்பது மேடையில் மாலை மாற்றிக்கொள்வதன்று. தோற்றவருக்கு மெய்யான வேலை வேண்டும்; அவரும் பெரும்பான்மையோர் முடிவை மதித்து அதனைச் செய்தல் வேண்டும். நம் சங்கங்களில் வென்ற அணியினர், பொருளாளர் பொறுப்பை எதிரணியில் தகுதியுள்ள ஒருவருக்கு அளித்துப் பார்க்கட்டும். கணக்கும் தெளிவாயிருக்கும், ஐயமும் அகலும். அயல் மாநிலத்தில் எண்ணிக்கையால் சிறியவராகிய நமக்கு, ஒரு கையைக்கூட இழக்க இயலாது.