தோளோடு முடிவதன்று கை



கை எங்கே தொடங்குகின்றது என்று கேட்டால் தோள்மூட்டைத் தொட்டுக் காட்டுவோம். ஆயினும், நெஞ்சையும் முதுகையும் நீக்கிக் கையைத் தனியே எண்ணுதல் பொருந்தாது. இதனையே இன்று எடுத்துரைக்க விழைகின்றோம்.

தோடம்பழச் சுளைகளைப் பொதிந்து, ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் மெல்லிய தோலை நாம் அறிவோம். நம் தசைகளையும் அவ்வாறே ஓர் உறை பொதிந்து, அயல் தசைகளோடு இணைக்கின்றது. மேற்கையின் இருதலைத் தசையிலிருந்து ஒரு தட்டையான பட்டி புறப்பட்டு, முழங்கை மடிப்பைக் கடந்து, முன்கையின் உறையோடு கலப்பது இதற்குச் சான்றாகும்.

தோமஸ் மயர்ஸ் என்பவர் 2001 இல் வெளியிட்ட ‘அனற்றமி றெயின்ஸ்’ என்னும் நூலில் கைக்கு நான்கு தொடர்களை வகுத்தார். முன்புறத்தில் ஒன்று, மார்பின் பெருந்தசையிலும் முதுகின் அகன்ற தசையிலும் தொடங்கி உள்ளங்கையை அடையும். மற்றையது மார்பின் சிறுதசையிலிருந்து பெருவிரலை அடையும். பின்புறத்தில் ஒன்று, பிடரியிலிருந்து புறங்கைக்குச் செல்லும். மற்றையது தோட்பட்டையை அடுத்த தசைகளிலிருந்து சின்னவிரற் பக்கத்தைச் சேரும். இவ்வகுப்பு வழிகாட்டும் படமேயன்றி மாறாத விதியன்று.

மாணவராகிய நாம் மணிக்கணக்காகக் குனிந்து எழுதுகின்றோம். எஞ்சிய பொழுதிற் கைத்தொலைபேசியை ஏந்துகின்றோம். விரல்கள் மடங்கியே இருக்கின்றன. தோள்கள் முன்னே சரிகின்றன. நோவு கண்டதும் மணிக்கட்டை மாத்திரம் தேய்த்துவிட்டு, ஒடுங்கிய நெஞ்சை மறந்துவிடுகின்றோம்.

ஆதலால், தொடர் முழுவதையும் நீட்டிப் பழகுவோம். முதலிற் கைகளைச் சுழற்றி உடலைச் சூடாக்குதல் வேண்டும். பின்னர், சுவரருகே பக்கவாட்டாக நின்று, தோளுயரத்தில் உள்ளங்கையை ஊன்றி, விரல்களைப் பின்னோக்கி வைத்து, முழங்கையை நிமிர்த்தி, உடலை மெல்ல மறுபுறம் திருப்புக. இழுவை விரலிலிருந்து நெஞ்சு வரை ஏறுவதை உணரலாம். பின்புறத்துக்கு, கையை மார்பின் குறுக்கே நீட்டி, மற்றக் கையால் அணைத்து, மணிக்கட்டை உள்நோக்கி மடக்குக. இளைஞருக்கு 10 முதல் 30 விநாடி போதும். பெரியோர் 30 முதல் 60 விநாடி வரை நிற்கலாம். மூச்சை அடக்கலாகாது, குலுக்கி இழுத்தலும் ஆகாது.

விரல்கள் விறுவிறுத்தால் நரம்பு இழுபடுகின்றதென அறிந்து உடனே தளர்த்துக. கையை உயர்த்தவே இயலாத நோவை வைத்தியரிடம் காட்டுதலே முறை.

அன்பர்களே! பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் எழுதவேண்டிய கை இது. முதுமையில் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கவேண்டிய கையும் இதுவே. நாள்தோறும் சில நிமிடங்களை அதற்கு ஒதுக்குவோமாக.