திரையில் தோட்டத்துப் பிள்ளைகள்

மலேசியாவின் மலாக்காவில், கோலா சுங்கை பாரு, மஸ்ஜித் தானா பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு டவுனை நம்பிக் கிளம்பிய குடும்பங்களின் கதையைப் படமாக்கலாம்தான். அதை யார் எடுப்பது, எதுவரை சொல்ல விடுவார்கள் என்பதில்தான் சிக்கல். 2016-இல் இரண்டு படங்கள் இந்தச் சிக்கலில் மாட்டின.

ஜூலையில் பா. ரஞ்சித்தின் 'கபாலி' வந்தது. சில காட்சிகளை மலாக்காவிலும் எடுத்திருந்தார்கள். தோட்டத் தமிழருக்குச் சமமான கூலி கேட்டு நின்ற கபாலி, பிறகு கோட்டு சூட்டு போட்ட குண்டர் கும்பல் தலைவன். தடம் மாறிய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்துகிறான். தமிழ்நாட்டில் படம் ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்தது. மிச்சத்தை ரசிகர்களே ஊகித்துக்கொண்டார்கள். மலேசியத் திரையிலோ, கபாலி போலீசில் சரணடைந்ததாக எழுத்துப் போட்டு முடித்தார்கள். சூப்பர் ஸ்டாரே நடித்தாலும் கடைசி வார்த்தை தணிக்கைக்குத்தான்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' திரைக்கு வந்திருந்தது. காலம் 1990-களின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வந்து புறம்போக்கில் குடியேறிய குடும்பம். அதில் பன்னிரண்டு வயது அப்போய். படிப்பு ஒன்றே கரையேற்றும் என்று நம்பும் அப்பா மணியம், அந்த நம்பிக்கையைப் பிரம்பால் ஊட்டுகிறார். உறவில் ஒருவர் போதையில் கிடக்கிறார். குண்டர் கும்பலில் இருக்கும் 'மெக்சிகோ' என்பவனிடம் பையன் ஒட்டிக்கொள்கிறான். பேச்சு முழுக்க மலாய் கலந்த நம்மூர்த் தமிழ். அடிக்கிற அப்பாவையும் படம் வில்லனாக்கவில்லை, கும்பல்காரனுக்கும் ஹீரோ வெளிச்சம் போடவில்லை. 'ஜகாட்' ஜெயித்த இடம் இதுதான்.

ஆனால் 28-ஆவது மலேசியத் திரைப்பட விழா முதலில் அதை 'மலாய் அல்லாத' பிரிவில் ஒதுக்கியது. இந்த மண்ணின் கதை, இந்த நாட்டுக் கலைஞர்கள். மொழி மட்டும் தமிழ். எதிர்ப்பு கிளம்பியதும் சிறந்த படத்துக்கான போட்டியை எல்லா மொழிகளுக்கும் திறந்தார்கள். பரிசை 'ஜகாட்' தட்டிச் சென்றது.

அதற்காக, உள்ளூர்க்காரர் கையில் கேமரா வந்துவிட்டால் எல்லாரும் திரையில் வந்துவிடுவதில்லை. 'ஜகாட்' ஆண்களின் உலகம். பெண்கள் ஓரமாகவே நிற்கிறார்கள். 2005-இல் தீபக் குமரன் மேனன் எடுத்த 'செம்மண் சாலை'யோ, பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் ஒரு தோட்டத்துப் பெண்ணை நடுவில் வைத்தது. கதை நடப்பது 1960-களில். அண்ணன் தம்பிகளோடு அக்கா தங்கைகளும் உட்கார்ந்து இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், வீட்டில் நல்லதொரு சண்டைக்கு விஷயம் இருக்கிறது.