கலங்கிய நீரும் கலக்கும் இனமும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்போர்க்கு அழகைச் சுவைத்தல் மட்டும் போதாது; இனமறிதலும் வேண்டும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் வாழும் இரண்டு சிக்லிட் மீன்களைச் சான்றாகக் காண்போம்.

ஒன்று புண்டமிலியா நைரேரி. டான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரேயின் பெயரை 1985-இல் இதற்குச் சூட்டினர். மற்றொன்று புண்டமிலியா புண்டமிலியா. சுவாகிலி மொழியில் இப்பெயர் வரிக்குதிரையைக் குறிக்கும். இரண்டிலும் ஆண்மீனுக்குக் கரும்பட்டைகள் உண்டு. முன்னதற்கு முதுகு சிவப்பு, விலா மஞ்சள். பின்னதற்கு உடல் நீலச் சாம்பல். பெண்மீன்களோ இரண்டிலும் மங்கிய நிறத்தன. பழகிய கண்ணும் மயங்கும்.

பெண்மீன் தன் இனத்து ஆணை நிறங்கண்டே தேர்கிறது. ஓலே சீஹாசன் முதலிய அறிஞர்கள் நிறவேறுபாடு புலப்படாத ஒளியில் சோதித்தபோது அத்தேர்வு குலைந்தது. இவ்வினங்கள் கலந்து பிறக்கும் குஞ்சுகளும் இனம்பெருக்க வல்லவை. எனவே, ஏரிநீர் கலங்கிய இடங்களில் இனங்களின் எல்லையே அழிந்து வருவதை 1997-இல் அவர்கள் எடுத்துரைத்தனர்.

நாம் செய்யத்தக்கது யாது? நல்ல வெளிச்சத்தில் முதிர்ந்த ஆணின் நிறத்தை நோக்குக. வலிய மீனுக்கு அடங்கிய ஆண் நிறம் மங்கியிருக்கும். அதனை வைத்து முடிவு செய்யலாகாது. பெண்மீனை வாங்கும்போதே அதன் இனத்தையும் பிடித்த இடத்தையும் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். இரண்டு இனங்களையும் ஒரே தொட்டியில் விடலாகாது. ஐயத்திற்குரிய குஞ்சுகளைத் தூய இனமென்று பிறர்க்கு அளித்தலும் தகாது. ஒரு தொட்டியில் நேர்ந்த கலப்பு அவ்வழியே பல தொட்டிகளுக்குப் பரவிவிடும்.