குருவானவரின் நாட்குறிப்பில் யாருக்கு இடம்?



தம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட மக்களை வீட்டுக்கு வீடு, ஆளுக்கு ஆள் அறிந்திருப்பதுதான் குருவானவரின் முதல் வேலை. பிரசங்கமும் நிர்வாகமும் அதற்கு அடுத்த படியில்தான் நிற்கின்றன. இதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் நம் சபைகளின் நடப்பு இதை அன்றாடம் மறுக்கிறது. நகரத்துச் சேகரம் ஒன்றின் குருமனை மேசையை எண்ணிப் பாருங்கள். ஞானஸ்நானச் சான்று கேட்டு ஒரு மாணவன் நிற்கிறான். பக்கத்தில் திருமண ஓலை வாசிப்பதற்கான விண்ணப்பம். பள்ளித் தாளாளர் என்ற முறையில் கையெழுத்திட வேண்டிய சம்பளப் பட்டியல், சபைக் கடைகளின் வாடகை பாக்கிக் கணக்கு, கல்லறைத் தோட்டத்து எல்லைச் சுவர் பற்றிய வக்கீல் நோட்டீஸ். சபைத் தேர்தல் வருடமாக இருந்தால் வாக்காளர் பட்டியலும் சேர்ந்துகொள்ளும். இவை எல்லாவற்றையும் முடித்துவிட்டு அவர் நிமிரும்போது மாலை ஆராதனைக்கு மணி அடித்துவிடுகிறது. பக்கவாதத்தில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவருக்கு நற்கருணை கொண்டுபோக வேண்டும் என்பது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. பிறகு அதற்கும் அடுத்த வாரத்துக்கு.

வேதாகமம் மேய்ப்பர்களைக் கண்டிக்கும் இடங்களில் எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தைப் போலக் கடுமையானது வேறில்லை. அங்கே வைக்கப்படும் குற்றச்சாட்டுகளைக் கவனியுங்கள். பலவீனமானது பெலப்படுத்தப்படவில்லை, நோயுற்றது குணமாக்கப்படவில்லை, எலும்பு முறிந்ததற்குக் கட்டுப் போடப்படவில்லை, துரத்துண்டது திருப்பிக் கொண்டுவரப்படவில்லை, காணாமற்போனது தேடப்படவில்லை. மேய்ப்பர்கள் சரியாகப் பிரசங்கிக்கவில்லை என்றோ, தொழுவத்தைச் சரியாகக் கட்டவில்லை என்றோ அங்கே ஒரு சொல்கூட இல்லை. யோவான் 10இல் நல்ல மேய்ப்பனின் அடையாளமாக ஆண்டவர் சொல்வதும் தம் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதைத்தான். எபேசுவின் மூப்பர்களிடம் விடைபெறும் பவுல், தாம் வெளியரங்கமாகவும் வீடுகள்தோறும் போதித்ததை நினைவுபடுத்துகிறார். நாடு நாடாகச் சுற்றிய அப்போஸ்தலனுக்கே வீடுகளுக்குப் போக நேரம் இருந்தது.

நடைமுறையில் இது ஆகிற காரியமா என்று கேட்கிறவர்களுக்கு, இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் என்னும் நெசவாளர் ஊரைக் காட்டுவேன். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே ரிச்சர்ட் பாக்ஸ்டர் குருவாக இருந்தார். ஏறக்குறைய 800 குடும்பங்கள். அவரும் உதவிக்குரு ஒருவருமாக வாரத்தில் இரண்டு நாட்களை ஒதுக்கி, வாரத்துக்குப் பதினைந்து குடும்பம் வீதம், ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசினார்கள். பதினைந்தை 52 வாரங்களால் பெருக்கினால் 780. ஓராண்டில் ஏறக்குறைய ஊர் முழுவதும் முடிந்துவிடும். 1656இல் இந்த ஊழியத்தைப் பற்றி அவர் நூல் எழுதினார். பல வருடம் பிரசங்கம் கேட்டும் விசுவாசத்தின் அரிச்சுவடிகூடத் தெரியாதிருந்தவர்கள், தனியே அரைமணி நேரம் பேசியதில் தெளிவடைந்ததைக் கண்டதாக அதில் பதிவு செய்திருக்கிறார். இதைச் சொன்னவர் பிரசங்கம் வராதவர் அல்லர்; அவர் பிரசங்கத்தைக் கேட்க வந்த கூட்டத்துக்காக ஆலயத்தில் மேல்மாடங்களைக் கட்டவேண்டியதாயிற்று. பிரசங்கம் கேட்க ஆளில்லாததால் அவர் குடும்பங்களைத் தனித்தனியே சந்திக்கவில்லை.

இப்போது ஒரு மறுப்பு வரும். நல்ல பிரசங்கத்தை யூடியூபில் எந்நேரமும் கேட்கலாம், கோவிட் காலத்தில் ஆலயக் கதவுகள் மூடிக் கிடந்தபோது கைப்பேசித் திரைதானே விசுவாசத்தைக் காத்தது என்பார்கள். உண்மைதான், அந்த நன்றியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் திரையில் பேசுகிறவருக்குத் தம்மைக் கேட்கிறவரின் பெயர் தெரியாது. கணவர் குடித்துவிட்டு வந்த இரவுக்கு மறுநாள் காலையில் ஒரு பெண் எந்த வசனத்தைக் கேட்கும் நிலையில் இருக்கிறாள் என்பதும் தெரியாது. பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் இருக்க, நாசரேத்திலும் சாயர்புரத்திலும் குமரி மாவட்டத்துக் கிராமங்களிலும் பெரிய வீடுகளில் இரண்டே இரண்டு முதியவர்கள் காலம் தள்ளுகிறார்கள். வீடியோ அழைப்பில் மகன் முகம் தெரிகிறது, காணொளியில் பிரசங்கியாரின் முகம் தெரிகிறது. அவர்கள் கையைப் பிடித்து ஜெபிக்க வருகிறவர்தான் இல்லை. தூரத்தில் இருப்பவரால் நல்ல போதகராக இருக்க முடியும், மேய்ப்பராக இருக்க முடியாது.

இன்னொரு மறுப்பு இதைவிட நேர்மையானது. வீடுகளே கதவு திறப்பதில்லை, அடுக்குமாடிக் குடியிருப்பில் கணவனும் மனைவியும் இரவு எட்டு மணிக்கு வருகிறார்கள், முன்னறிவிப்பில்லாமல் போவது நாகரிகமல்ல என்கிறார்கள். சரி, தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போகலாம், சனிக்கிழமை போகலாம். சபையிலிருந்து ஒருவர் வருவதென்றால் சந்தா பாக்கிக்கோ, கட்டட நிதிக்கோ, தேர்தல் ஆதரவுக்கோதான் என்று மக்கள் பழகிப்போயிருக்கிறார்களே, கதவு திறக்காததற்கு அதுவும் காரணம் இல்லையா? எதையும் கேட்காமல் நாலு முறை வந்துபோனவருக்கு ஐந்தாம் முறை கதவு திறக்கும். சிலர் ஐந்தாம் முறையும் திறக்காமல் இருக்கலாம். அவர்கள் பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.

வீடு சந்திப்பு என்று சொல்லி வசதியுள்ள வீடுகளில் மட்டும் காபி குடித்துவிட்டு வருகிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வி நம் சபை வரலாற்றின் ஆழமான புண்ணைத் தொடுகிறது. தரங்கம்பாடியில் 1733இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியரில் முதல் புராட்டஸ்டண்ட் குரு அவர்தான். அதே காலத்தில் தஞ்சை மன்னரின் படையில் இருந்த இராசநாயக்கன், தஞ்சைப் பகுதியில் உபதேசியாராக உயிரைக் கொடுத்து உழைத்தார். அவருக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த அவர் கையால் திருவிருந்து வாங்க மற்ற சாதிக் கிறிஸ்தவர்கள் தயங்குவார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். அவருக்குப் பதிலாக 1741இல் தியோகு என்பவர் பட்டம் பெற்றார். ஆரோன் பட்டம் பெற்று நூறாண்டுகள் கழித்து, 1833இல், கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவு அனுப்பினார். அந்த உத்தரவு நியாயமானது. ஆனால் ஆலயத்துக்குள் உட்காரும் இடத்தை உத்தரவு மாற்றினாலும், யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார் என்பதை அதனால் மாற்ற முடியவில்லை. இன்றும் நம் ஊர்களில் அந்தக் கேள்வி முடிந்துவிடவில்லை. ஆகவேதான் சந்திப்பு குருவானவரின் விருப்பத்துக்கு விடப்படாமல், சபைப் பதிவேட்டின் வரிசைப்படி, தெரு விடாமல் நடக்கவேண்டும் என்கிறேன். எந்தத் தெருவில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதை ஊர் பார்த்துக்கொண்டே இருக்கிறது. அது பிரசங்க பீடத்தில் சொல்லும் சமத்துவத்தைவிட வேகமாகப் பரவும்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியாவும் இதே இடத்தைத்தான் தொட்டார். 1910இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளின் தியாகத்தை மனமாரப் போற்றிவிட்டு, எங்களுக்கு வேண்டியது நட்பு என்று கேட்டார். பணமும் உழைப்பும் தந்தவர்கள் சமமாக உட்கார்ந்து உறவாடவில்லை என்பதே அவருடைய வருத்தம். 1912இல் தோர்ணக்கல் பேராயரானபின் தெலுங்குக் கிராமங்களில் ஏழை எளிய மக்களிடையே சுற்றியே ஊழியம் செய்தார்.

பள்ளியும் மருத்துவமனையும் ஊழியம் இல்லையா, அவற்றைக் கைவிடச் சொல்கிறீர்களா என்று கேட்காதீர்கள். அவை வேண்டும். குருவானவர்தான் அவற்றை நடத்தவேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன். அப்போஸ்தலர் 6இல் பந்தி விசாரணை ஏழு பேரிடம் ஒப்படைக்கப்பட்டது. விதவைகள் விசாரிக்கப்படாமல் போனார்கள் என்ற முறுமுறுப்புதான் அதற்குக் காரணம். நிர்வாகம் பகிரப்பட்டதே யாரும் விடுபட்டுப் போகக்கூடாது என்பதற்காகத்தான். திருநெல்வேலிச் சபை வளர்ந்ததும் இப்படித்தான். குருமார் மிகச் சிலராக இருந்த காலத்தில் ஊர்தோறும் இருந்த உபதேசியார்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, அன்றாடம் ஜெபம் நடத்தி, யார் வரவில்லை என்று தேடிப் போனார்கள். பெண்கள் இருந்த வீடுகளுக்குள் பைபிள் உமன் எனப்பட்ட பெண் ஊழியர் சென்றார். அந்த இரு பணிகளையும் சம்பளம் குறைந்த, மதிப்புக் குறைந்த வேலைகளாக நாமே தேய்த்துவிட்டோம்.

எனவே சபை மன்றங்களிடம் என் வேண்டுகோள் இது. தாளாளர் பொறுப்பையும் வாடகைக் கணக்கையும் வழக்குகளையும் குருவானவரின் மேசையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாட்களை வீடு சந்திப்புக்கென்று எழுத்தில் ஒதுக்குங்கள். ஆண்டு அறிக்கையில் வரவு செலவுக்குப் பக்கத்தில், அந்த ஆண்டு சந்திக்கப்படாத வீடுகளின் எண்ணிக்கையையும் வாசியுங்கள். உபதேசியாருக்கும் பெண் ஊழியருக்கும் பிழைக்கத்தக்க சம்பளம் கொடுங்கள். கணக்கையும் கோப்பையும் வழக்கையும் யார் பார்ப்பார் என்று கவலைப்பட வேண்டாம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்களும் வங்கி அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் நம் சபைகளில் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு வந்துபோகிறார்கள். அவர்களிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை.